ஏற்றத்தில் பார்த்த வண்டி

பட்டறைத் தம்பிகள் மூன்று பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார்கள். நம் மெக்கானிக் சங்கத்து மலருக்கு நான் ஏதாவது எழுத வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: மலைக்குத் தோதான பழைய பிக்கப் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அது நம்பி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும், டீசலும் அதிகம் குடிக்கக் கூடாது. முப்பத்தைந்து வருடம் ஏற்காட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவனிடம் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

பட்டியல் இருக்கிறது. அது உங்களுக்கும் தெரியும். சேஸிஸில் வெல்டிங் வைத்திருக்கிறதா, புகை என்ன நிறம், கதவுக்கு அடியில் புதுப் பெயின்ட் அடித்து எதை மறைத்திருக்கிறார்கள், இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் முழுவதையும் ஒழுங்காகப் பார்த்து முடித்துவிட்டு ஒரு வண்டியை நல்ல வண்டி என்று நான் சொன்ன கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்த வண்டியில் பதினோரு பேர் ஏறினார்கள்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எனக்கு ஊரில் கொஞ்சம் பெயர் இருந்தது, அதைவிட அதிகமாகத் தலைக்கனம் இருந்தது. யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குவார்கள். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பேன். பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். மீதி நேரம் சுற்றி நிற்பவர்கள் என்னைப் பார்ப்பதற்காக நிற்பது.

அப்படி ஒரு நாள் கிளியூரிலிருந்து வெள்ளையம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். ஆரஞ்சும் பீன்ஸும் சவ்சவ்வும் போடுகிற குடும்பம். கணவருக்கு முட்டி போய்விட்டதால் தோட்டத்தைத் தாண்டி வர மாட்டார். வெளி வேலை எல்லாம் இந்த அம்மாள்தான். கிளியூர்க்காரர்கள் சரக்கை வாடகை ஜீப்புக்காகக் காத்திருந்து சேலம் மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். ஜீப்காரர் வந்தால் வருவார், வராவிட்டால் இல்லை. வந்தாலும் கூடை மேல் கூடை அடுக்கி அடிக்கூடை ஆரஞ்சு கூழாகிப் போகும். வெள்ளையம்மா இரண்டு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பேசி, பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்து, சொந்தமாக ஒரு சின்ன பிக்கப் வாங்குவது என்று முடிவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஓட்டுவதற்குத் தம்பி சடையன் இருந்தான். சமவெளியில் லாரியில் ஏறி இறங்கி லைசென்ஸ் வாங்கியவன், நல்ல பையன், ஆனால் மலைப்பாதையில் சுமையோடு இறங்கிப் பழக்கமில்லாதவன்.

"ஏனுங்க மேஸ்திரி, பன்னண்டு ஊடுங்க. வேண்டாம் வேண்டாம்னு இருந்தவங்கள நாந்தானுங்க இழுத்தாந்திருக்கறன். வண்டி ஏதாச்சும் ஆச்சுன்னா ஊருக்குள்ள நான் தல காட்ட முடியாதுங்க" என்றார்.

"அந்தப் பயமே உங்களுக்கு வேண்டாங்க அம்மிணி. நான் பாத்துக் குடுத்த வண்டி எதுவும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல" என்றேன். அப்போது அது உண்மையும்கூட.

ஒரே வாரத்தில் வண்டி அமைந்தது. டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த ரத்தினம் தன்னுடைய டீசல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுக்கப் போகிறார் என்று தெரிந்தது. சேலத்திலிருந்து வந்து மலையில் கடை போட்டவர். பேச்சு அதிகம், பொய் கிடையாது. பதினோரு வருடமாக ஒரே கை, அவரேதான் ஓட்டுவார். லிட்டருக்குப் பதினாறு கொடுக்கிறது என்றார். அந்த ரக வண்டி இந்த மலையில் பன்னிரண்டு கொடுத்தாலே பெரிய விஷயம். பதினாறு என்றதும், எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். இஞ்சின் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நானாகவே பதில் சொல்லிக்கொண்டேன்.

மலை வண்டியை ஏற்றத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்கு என் சித்தாந்தம். அதனால் ஒரு காரியம் செய்தேன். ரத்தினம் சரக்கு ஏற்றச் சேலம் போகிற நாளில் நான் பஸ்ஸில் கீழே போய், அரிசி மூட்டைகளோடு அந்த வண்டியை நானே ஓட்டி மேலே வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாவது கியரில் திணறாமல் ஏறியது. ஒரு இடத்தில் எதிரே பஸ் வந்து, சரிவிலேயே நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கும் முனகவில்லை. மேலே வந்ததும் அடியில் படுத்துப் பார்த்தேன். நான்கு சக்கரத்திலும் பிரேக் லைனிங் புதிது. மாற்றி இரண்டு மாதம் இருக்கும். பிரேக் மிதியின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதையும் பார்த்தேன். ஆனால் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை.

"கண்ண மூடிட்டு வாங்குங்க" என்று வெள்ளையம்மாவிடம் சொன்னேன். இந்த வார்த்தையை நான் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி கை மாறி, சடையன் அதைக் கிளியூருக்கு ஓட்டிப் போனான். அது கொஞ்ச தூரம்தான், காலி வண்டி. அந்த ரோட்டில் முதல் கியரைத் தாண்டவே முடியாது. அடுத்த நாள் காலையில் கோயிலில் பூசை. பூசை முடிந்த கையோடு முதல் லோடு சேலம் மண்டிக்கு.

அன்று காலை நான் பட்டறையைத் திறந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தினம் தன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வண்டியின் இன்னொரு சாவி கடை மேசையில் கிடந்ததாம். வெள்ளையம்மா இந்த வழியாகத்தானே வருவார், கொடுத்துவிடலாம் என்று எடுத்து வந்திருந்தார். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் ஒரு நல்லதும் சொன்னார்.

"அந்த அம்மாகிட்ட ஒண்ணு சொல்லுங்க மேஸ்திரி. எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்ணி நியூட்டர்ல வுட்டுரச் சொல்லுங்க. சேலம் வரைக்கும் சொட்டு டீசல் ஆகாது. நான் பதினோரு வருசத்துல ஒரு நாள் கூட கியர்ல எறங்குனதில்லீங்க. பதினாறு பின்ன எப்புடிக் குடுக்கும்ங்கறீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். புரியாத கடைக்குட்டிகளுக்காகச் சொல்கிறேன். ஏறும்போது இஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது, அந்த இழுப்பிலேயே கியர் இறுகி நிற்கும், பல் தேய்ந்திருந்தாலும் தெரியாது. இறங்கும்போது சக்கரம் இஞ்சினைத் தள்ளுகிறது. தேய்ந்த கியர் அப்போதுதான் நழுவி வெளியே வரும். பதினோரு வருடம் மூட்டையோடு இரண்டாவது கியரிலேயே ஏறிய வண்டி அது. இறக்கத்தில் அந்தக் கியரை யாருமே போட்டுப் பார்த்ததில்லை. அவரும் போடவில்லை, நானும் போடவில்லை.

அதோடு இன்னொன்றும் அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. ரத்தினம் காலி வண்டியோடு இறங்கிச் சுமையோடு ஏறுகிறவர். மலையில் கடை வைத்திருக்கும் எல்லோரும் அப்படித்தான். கிளியூர்க்காரர்கள் சுமையோடு இறங்கிக் காலியாக ஏறப் போகிறவர்கள். கடைக்காரருக்கு வேண்டிய வண்டியைப் பார்த்துத் தோட்டக்காரருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன். காலி வண்டியை ரத்தினம் பிரேக்கிலேயே இறக்கிவிடலாம், அதனால்தான் அந்தப் புது லைனிங்கும் தேய்ந்த மிதியும். ஒரு டன் சுமையையும் அதன் மேல் ஆட்களையும் வைத்துக்கொண்டு கியர் பிடிக்காமல் போனால், பாதி வளைவு தாண்டுவதற்குள் பிரேக் கொதித்துப் போகும். சடையனுக்கு என்ன செய்வதென்று தெரியாது.

யோசித்து முடிப்பதற்குள் வண்டி வந்து நின்றுவிட்டது. முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனம், பின்னால் கூடைகளுக்கு மேல் ஆட்கள். மண்டி பார்த்துவிட்டு அப்படியே சேலத்தையும் சுற்றி வரலாம் என்று பெண்களும் இரண்டு பிள்ளைகளும் புதுத்துணி உடுத்திக் கிளம்பியிருந்தார்கள். வெள்ளையம்மா முன் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். கையில் தாம்பாளம். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி துண்டு.

"மொதல்ல உங்களுக்குத்தானுங்க. நீங்க பாத்துக் குடுத்த வண்டி" என்று நீட்டினார்.

மேலே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் நின்றவர்களும் பார்த்தார்கள். எனக்கு இருந்தது வெறும் சந்தேகம்தான். கியர் நன்றாகவே இருக்கலாம். பூசை போட்ட வண்டியை மறித்து, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நடுத்தெருவில் சொல்வதற்கு வாய் வரவில்லை. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன். சாவியைக் கொடுத்தேன். "மெதுவாப் போங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வண்டி திரும்பி ஏரிக்கரைப் பக்கம் மறைந்தது. தம்பிகளே, நான் இந்தத் தொழிலில் செய்த தவறு வண்டியைத் தப்பாகப் பார்த்தது அல்ல. அந்த மாதிரி யாருக்கும் நடக்கும். தெரிந்த பிறகு, கையில் தாம்பாளத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதுதான் தவறு. இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரத்தினம் என் முகத்தைப் பார்த்து, "என்னாங்க மேஸ்திரி, ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

"ஸ்கூட்டர எடுங்க" என்றேன். தாம்பாளத்தை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். போகும் வழியில் அவர் காதுக்குள் விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ரோட்டோரம் ஒரு முனியப்பன் கல் அப்போது இருந்தது. சில டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுப் போவார்கள், அவசரக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். வண்டி அங்கே நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ளையம்மா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, கற்பூரத்தை வைத்துவிட்டுப் பையைக் கவிழ்த்துத் தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார்.

"ஊட்லயே எல்லாங் கும்பிட்டாச்சு, இங்க வேற எதுக்கக்கா? மண்டிக்கு நேரமாவுது" என்று சடையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

நான் நேராகப் போய்ச் சொன்னேன். "ஆளுங்க எல்லாரும் எறங்குங்க. இந்த வண்டி எறக்கத்துக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியல."

மேலே இருந்த ஒரு பெரியவர், "பூசை போட்டுக் கெளம்பின வண்டிய மறிக்கறது நல்லாருக்குதுங்களா?" என்றார். இன்னொருவர், "ஜீப்புக்காரன் காசு கீசு குடுத்துட்டானா?" என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்கள்.

வெள்ளையம்மா எழுந்து என் எதிரே வந்தார். கோபப்படவில்லை. "நீங்கதானுங்களே பாத்துச் சொன்னீங்க?" என்றார்.

"நான் ஏத்தந்தானுங்க பாத்தேன். எறக்கம் பாக்கல. எந் தப்பு" என்றேன்.

அவர் வண்டிப் பக்கம் திரும்பி, "எல்லாரும் எறங்குங்க" என்று மட்டும் சொன்னார். முதலில் பிள்ளைகளைத் தூக்கி இறக்கினார்கள்.

சுமையை இறக்க வேண்டாம் என்றேன். சுமை இல்லாமல் பார்த்தால் உண்மை தெரியாது. சடையனை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்தேன். கூட வருகிறேன் என்று அவன் நின்றான், வேண்டாம் என்றேன். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் வளைவுக்கு முன்னால் இடது பக்கம் மலைச்சரிவு, மழையில் வழிந்து வந்த செம்மண் மேடாகக் குவிந்திருந்தது. வண்டியை எடுப்பதற்கு முன்பே அதைக் குறித்து வைத்துக்கொண்டேன். ஏதாவது ஆனால் எங்கே மோதுவது என்று தெரியாமல் இந்த மாதிரிச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது கியரைப் போட்டு, மிதியிலிருந்து காலை எடுத்து, கியர் லிவரிலிருந்து கையையும் எடுத்தேன். இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டது. இருபது கெஜம் அழகாக இறங்கியது. அட, நல்லாத்தானே இருக்கிறது, வீணாக மானத்தை வாங்கிக்கொண்டோமே என்று நினைத்தேன். ரோடு கொஞ்சம் செங்குத்தாகச் சாய்ந்த இடத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம். லிவர் தானாக நடுவுக்கு வந்துவிட்டது. இஞ்சின் சத்தம் அடங்கியது, வண்டி பறந்தது. திரும்பப் போட முயன்றேன், பல் கரகரத்ததே தவிர ஏறவில்லை. பிரேக்கை முழுதாக அழுத்தி, கைப் பிரேக்கையும் இழுத்து, அந்த மண்மேட்டில் மூக்கைச் சொருகினேன். முன் மாலை அறுந்து கூடை ஒன்று சரிந்து, ஆரஞ்சுப் பழங்கள் வளைவைப் பார்த்து உருண்டு போயின.

நான் இறங்குவதற்குள் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். பெரியவர் உருண்டு போகும் பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தன் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

ரத்தினம்தான் முதலில் பேசினார். "எனக்குத் தெரியாதுங்க அம்மா. சாமி சத்தியமாத் தெரியாது. வண்டிய நானே எடுத்துக்கறனுங்க" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொன்னார், கேட்காமலே சொன்னார். அவர் சாவி கொடுக்க வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். நடு ரோட்டில் போய் நின்றார். மலைக் கடைகளுக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரி ஒன்று வந்தது. கைகாட்டி நிறுத்தினார். கிளியூர்ச் சரக்கு முழுவதும் அதில் ஏறி, மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. "இத்தன வருசமா இந்த லாரிங்க காலியாத்தானுங்க போவுது. எங்களுக்கு ஒண்ணும் நின்னதில்லீங்க" என்று வெள்ளையம்மா சொன்னார். ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்க வெள்ளையம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இஞ்சின் நல்ல இஞ்சின்தானே, கெட்டது கியர் பெட்டி ஒன்றுதானே, அதைச் சரிசெய்து கொடுங்கள் என்றார். சரியான முடிவு. கியர் பெட்டியை முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றினேன். சாமான் ரத்தினம் வாங்கிக் கொடுத்தார், கூலி நான் வாங்கவில்லை. பத்து நாள் ஆயிற்று. மூட்டை ஏற்றி, நான் தனியாக அடிவாரம் வரைக்கும் மூன்று முறை இறக்கிப் பார்த்தேன். ஒரு முறையும் நழுவவில்லை. லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்தது. இந்த மலையில் நியாயமான வண்டி அவ்வளவுதான் கொடுக்கும்.

மறுபடி லோடு கிளம்பிய காலையில் வண்டி என் பட்டறை முன்னால் வந்து நின்றது. இந்த முறை மாலையும் இல்லை, தாம்பாளமும் இல்லை. முன்பு வந்த அதே ஆட்களில் ஏழெட்டுப் பேர் கீழே நின்றார்கள், ஏறவில்லை.

"நீங்க ஏறுங்க மேஸ்திரி. நீங்க ஏறுனாத்தானுங்க இவிய ஏறுவாங்க" என்றார் வெள்ளையம்மா.

முன் சீட்டைக் காட்டினார்கள். நான் பின்னால் ஏறி, ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்துக் கொடுத்த எல்லா வண்டியிலும் முதல் லோடு இறங்கும்போது பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். உங்களுக்கு என் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவருடைய சுமை எந்தப் பக்கம் போகிறது என்று கேளுங்கள். பிறகு அந்தச் சுமையோடு நீங்களும் ஏறுங்கள்.

வெள்ளையம்மாவும் முன்னால் உட்காராமல் பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முனியப்பன் கல்லைத் தாண்டும்போது சடையன் நிறுத்தவில்லை, ஹாரன் அடித்துவிட்டுப் போனான். முதல் நாள் அங்கே நின்றது நினைவுக்கு வந்து, "நல்ல வேளைங்க அம்மிணி, அன்னிக்குத் தீப்பெட்டி கெடைக்காமப் போச்சு. இல்லீன்னா எறக்கத்துல எறங்கியிருப்பீங்க" என்றேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தாம்பாளத்த வாங்கறப்பவே உங்க மொகஞ் சரியில்லீங்க. ஏதோ சொல்ல வந்து முழுங்கறீங்கன்னு தெரிஞ்சுது. எப்புடியும் பின்னாடியே வருவீங்கன்னுதான் வண்டிய நிறுத்தச் சொன்னனுங்க. தீப்பெட்டி என்ற இடுப்புலதானுங்க இருந்துச்சு."